மாற்று வினாத்தாள்

வெள்ளிக்கிழமையும் இல்லை, விரதமும் இல்லை, வீட்டில் விசேஷமும் இல்லை. ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, இடியப்பத்துக்கு என் கணவர் வாழையிலை கேட்டார்.

"ஏன் இப்ப இலை?" என்றேன்.

"இலையில சாப்பிட்டா உடம்புக்கு நல்லதாம். பேப்பரில போட்டிருக்கு."

சரி, ஏதோ புது ஆசை என்று நினைத்துப் பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடைப் பக்கம் போய் இலை வாங்கி வந்தேன். மறுநாளும் இலை. அதற்கு மறுநாளும் இலை. இரண்டு வாரம் பொறுத்தேன். பிறகு எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் என்ன கலியாண மண்டபமா நடத்துறன்? இண்டைக்குத் தட்டுத்தான்" என்று சொல்லி, வழக்கமான வெள்ளைப் பீங்கான் தட்டை எடுத்து வைத்தேன்.

வெள்ளைத் தட்டு. வெள்ளை மாவில் பிழிந்த இடியப்பம். தேங்காய்ப்பாலில் காய்ச்சிய சொதி. அவர் சொதிக் கிண்ணத்தை எடுத்துச் சாய்த்தார். பாதி இடியப்பத்தில் விழுந்தது. மீதி தட்டின் விளிம்பைத் தாண்டி மேசை விரிப்பில் ஓடியது. அவருக்கு அது தெரியவில்லை. காய்ந்து கிடந்த பக்கத்தைக் கையால் பிசைந்தபடி, "சொதி காணாது, இன்னும் கொஞ்சம் தாரும்" என்றார்.

நான் ஊற்றினேன். இலை எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பச்சை இலையில் வெள்ளை இடியப்பம் தெரியும். வெள்ளைத் தட்டில் தெரியாது. அவர் நம்பிப் பார்க்கிற வலது கண்ணில் ஏதோ கோளாறு. அதை அவர் என்னிடம் மறைக்கிறார்.

இதில் எனக்கு விளங்காதது ஒன்று இருந்தது. அந்த வலது கண்ணைத்தான் ஐந்து மாதத்துக்கு முன் கிள்ளானில் ஒரு கண் கிளினிக்கில் லேசர் செய்திருந்தார். போகிறபோதெல்லாம் டாக்டர் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார். இடது கண்ணையும் செய்ய நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் கணவர் சிவகுருநாதனைப் பற்றிச் சொல்வதென்றால் பரீட்சையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அரசாங்கத்தின் பரீட்சைப் பிரிவில் அதிகாரி. வினாத்தாள் அச்சுக்குப் போவதிலிருந்து பள்ளிக்கூட மண்டபத்தில் முத்திரை உடைபடும் வரைக்கும் காவல் காப்பது அவர் வேலை. அவர் எழுதிய பரீட்சை எதிலும் தோற்றதில்லை. இந்த ஊரில் குடியேறிய எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களிடம் மாப்பிள்ளையின் சாதகத்தோடு பரீட்சை முடிவையும் சேர்த்து அனுப்புகிற வழக்கம் உண்டு. அவருடைய சாதகத்தில் செவ்வாய் இருந்தது. என் அப்பா அந்தப் பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. கணக்கில் டிஸ்டிங்ஷன் என்று இருந்ததைப் பார்த்தார், "பொருத்தம் சரி" என்று சொல்லிவிட்டார்.

கட்டிக்கொண்டு வந்த பிறகுதான் தெரிந்தது, வீட்டிலும் பரீட்சை நடக்குமென்று. கறிக்கு மார்க். சம்பலுக்கு மார்க். நூற்றுக்கு எழுபதுக்கு மேல் அந்த மனிதர் கையிலிருந்து வராது. "எழுபது எண்டா நல்ல மார்க்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு வருஷம் எங்கோ ஒரு வினாத்தாள் முன்கூட்டியே வெளியாகிவிட்டது. அவர் இரண்டு நாள் வீட்டுக்கே வரவில்லை. திரும்பி வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ஆர் களவெடுத்தது எண்டு கண்டுபிடிச்சாச்சோ?" என்று கேட்டேன். "அது பொலிசின்ர வேலை" என்றார். "எங்கட வேலை தாளை மாத்துறது. எல்லாப் பாடத்துக்கும் ஒரு ரிசர்வ் பேப்பர் பூட்டி வச்சிருக்கு. வெளியான தாளில ஆரும் பரீட்சை எழுதப்படாது. எழுதினா அது பரீட்சையே இல்லை." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. எனக்கும் அன்று அவரைப் பற்றிப் பெருமையாகத்தான் இருந்தது.

கண் விஷயத்துக்கு வருகிறேன். சின்னப் பையனாக இருக்கும்போதே மூக்குக்கண்ணாடி ஏறிவிட்டது. இரண்டு கண்ணுக்கும் மைனஸ் ஒன்பது. சோடாப் போத்தலின் அடிப்பாகம் மாதிரி கண்ணாடி, அதற்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் இரண்டு கண்கள். ஐம்பத்தைந்தில் ஓய்வு பெறப் போகிறார் என்கிற நேரத்தில், கண்ணாடி இல்லாமலே பார்க்க வைக்கும் லேசர் இங்கேயே வந்துவிட்டது என்று பத்திரிகையில் படித்தார். அன்றிலிருந்து அதே பேச்சு.

என் தம்பி கார்த்திகேசு பெட்டாலிங் ஜெயாவில் ஆடிட்டர். எதற்கும் இரண்டு பக்கமும் பார்க்கிற ஆள். அவன் வந்து உட்கார்ந்து, "அத்தான், சின்னப் பவருக்குச் செய்யலாம். உங்க பவருக்கு ரிஸ்க் லா. மெஷினே புதுசு. கொஞ்ச வருஷம் போகட்டும்" என்றான்.

"நீர் டாக்டரோ?" என்று கேட்டு என் கணவர் அவனை வாயடைத்துவிட்டார்.

ஆனால் டாக்டரும் அதையேதான் சொன்னார். டாக்டர் தியோ சின்ன வயதுச் சீனர், மறைக்காமல் பேசினார். இவ்வளவு பவரை ஒரேயடியாகக் குறைக்கும்போது சிலருக்குக் கருவிழியின் மேல் புகை படிவதுபோல் மங்கல் விழும், பெரும்பாலும் தெளிந்துவிடும், சிலருக்குத் தழும்பாகி நின்றுவிடும், அப்புறம் எந்தக் கண்ணாடி போட்டாலும் பார்வை முழுதாகத் திரும்பாது என்றார். என் கணவர் தலையாட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். தோற்பவர்கள் வேறு ஆட்கள் என்கிற நினைப்பு.

எனக்கு முழு மனதில்லை. இருந்தாலும் அவர் ஒரு தடவை சொன்னது என்னைப் பேசவிடாமல் செய்துவிட்டது. "கண்ணாடியைக் கழட்டினா எனக்கு என்ர முகமே தெரியாது. கண்ணாடி போடாத என்ர முகத்தை நான் ஒரு நாளும் கண்டதில்லை, பூசணி." என் பெயர் குணபூசணி. ஆசை வந்தால்தான் பூசணி என்பார்.

வலது கண்ணை முதலில் செய்தார்கள். முடி கருகுகிற மாதிரி ஒரு வாசம் வந்தது என்று சொன்னார், அவ்வளவுதான். மூன்று நாள் வலியில் துடித்தார். பிறகு மெல்ல மெல்லத் தெளிந்தது. ஒரு மாதம் போனதும் ஒரு காலையில் குளியலறையிலிருந்து சத்தம் போட்டுக் கூப்பிட்டார். ஓடினேன். முகத்தில் சோப்பு நுரையோடு நின்று சுவர்க் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு மூக்கு இவ்வளவு பெரிசோ?" என்றார்.

"இருபத்தாறு வருஷமா நான் அதைத்தானே பாத்துக்கொண்டிருக்கிறன்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். நல்ல காலம் அது.

இடது கண் அப்படியே மைனஸ் ஒன்பதில் இருந்தது. அடுத்த கண் செய்யும்வரை ஒரு பக்கம் வெறும் கண்ணாடியும் மறுபக்கம் தடித்த கண்ணாடியுமாகப் போடச் சொன்னார்கள். தலை சுற்றுகிறது என்று அதைக் கழற்றி மேசை டிராயரில் போட்டவர் பிறகு எடுக்கவே இல்லை. ஆக, வலது கண் ஒன்றை நம்பித்தான் நடமாடினார்.

மூன்றாம் மாதத்துக்குப் பிறகுதான் மாற்றம். அப்போது எனக்கு எதுவும் உறைக்கவில்லை; சொதி கொட்டிய பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. வெயில் இறங்கிய பிறகு கார் சாவியைத் தொடமாட்டார். சாம்பல் நிறத் தெருவும் சாம்பல் நிற நடைபாதையும் சேருமிடத்தில் காலால் துழாவுவார். பேப்பரை மூக்கோடு ஒட்டி, இடது கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் படிப்பார். கோயில் வாசலில் என் பெரியம்மா மகள் இராசேஸ்வரி சிரித்துக்கொண்டு நின்றபோது கண்டுகொள்ளாமல் கடந்து போனார். அவள் தன் வீட்டுக்குப் போனதும், "அத்தானுக்கு இப்ப கண்ணாடியும் போச்சு, கண்ணியமும் போச்சு" என்று போன் போட்டுச் சண்டை பிடித்தாள்.

சொதி கொட்டிய மறுநாள் நேரே கேட்டேன். "என்னப்பா, உங்கட கண் மங்கிப் போச்சோ?"

அவர் எழுந்து போய், கிளினிக்கில் கொடுத்த அட்டையைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். ஆறின் கீழ் ஒன்பது என்று டாக்டர் கையால் எழுதியிருந்தது. "இது நல்ல பார்வை. டாக்டர் எழுதினது. டாக்டரைவிட உமக்குத் தெரியுமோ?"

எங்கள் வீட்டில் எழுதிக் கொடுத்த மார்க்குக்கு மேல் பேச்சில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் காதை மூடவில்லை. சில நாளாகவே அவர் குளிக்கும்போது உள்ளே ஏதோ முணுமுணுப்பு. சாமி பாட்டு என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் துவாய் கொடுக்கப் போனவள் கதவோரம் நின்று கேட்டேன். "எச், வீ, ஸெட், டி, எஸ். என், சி, வீ, கே, டி." மறுபடி முதலிலிருந்து. கார் நம்பரா, லாட்டரியா, ஒன்றும் விளங்கவில்லை. ஓய்வு பெறப் போகிற கவலையில் மனிதருக்கு மூளை கலங்கிவிட்டதோ என்றுகூடப் பயந்தேன்.

அடுத்த செக்கப்புக்கு நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். கிள்ளானில் சேலை பார்க்க வேண்டுமென்று பொய் சொல்லிக்கொண்டு கொமியூட்டர் ரயிலில் கூடவே ஏறிவிட்டேன்.

கிளினிக் ஒரு கடை வரிசையின் மாடியில். கண் பார்க்கும் அறையின் கதவு திறந்தே இருந்ததால் வெளி நாற்காலியிலிருந்து உள்ளே நடப்பது தெரிந்தது. எங்களுக்கு முன்னால் பந்திங் தோட்டத்திலிருந்து வந்த பவுனம்மாள் என்ற அம்மா. கண்ணில் புரை. எழுத்துத் தெரியாது. நர்ஸ் சந்திரகலா சுவரில் இருந்த எழுத்துச் சார்ட்டை மறைத்து, வேறொரு அட்டையைத் தொங்கவிட்டாள். அதில் இங்கிலீஷ் ஈ எழுத்து மட்டும், பெரிதும் சிறிதுமாக, மேலும் கீழும் இடமும் வலமுமாகத் திரும்பிக் கிடந்தது.

"பாட்டி, அதோட கால் எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம் கையக் காட்டுங்க."

பவுனம்மாள் கையை நீட்டி நீட்டிக் காட்டினார். "ஏம்மா, எழுத்துத் தெரியாதவளுக்குக்கூடப் பரீட்சை வெச்சிட்டீங்களே" என்று அவர் சொல்ல, காத்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார்.

பிறகு இவர் முறை. சந்திரகலா பழைய சார்ட்டைத் திறந்தாள். முதலில் இடது கண்ணுக்குச் சோதனை லென்ஸ் போட்டு வாசிக்கச் சொன்னாள். வாசித்தார். பிறகு இடது கண்ணை மூடிவிட்டு வலது கண். அதே சார்ட்.

"எச், வீ, ஸெட், டி, எஸ். என், சி, வீ, கே, டி."

குளியலறையில் கேட்ட அதே ராகம், அதே நிறுத்தம். என் கணவர் சார்ட்டைப் பார்க்கவில்லை. மனப்பாடமாக ஒப்பிக்கிறார். இடது கண்ணால் கண்டதை வலது கண்ணின் கணக்கில் எழுதுகிறார். அதுமட்டுமா, கடைசிக்கு முந்தின வரியில் ஓர் எழுத்தை வேண்டுமென்றே பிழையாகச் சொன்னார். அது ஏன் என்று எனக்குத் தெரியும். "கொப்பியடிக்கிறவன் கெட்டிக்காரனா இருந்தா நூறு எடுக்கமாட்டான். நூறு எடுத்தா எங்களுக்குச் சந்தேகம் வரும் எண்டு அவனுக்குத் தெரியும்" என்று எனக்குச் சொன்னதே இவர்தான்.

டாக்டர் தியோ கருவியில் வைத்துக் கண்ணைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். "கொஞ்சம் புகை தெரியுது. நான் எதிர்பார்த்ததைவிடக் கூட. ஆனா ஆறின் கீழ் ஒன்பது படிக்கிறீங்க, அப்ப கவலைப்பட வேண்டியதில்லை" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுச் சொட்டு மருந்தை நிறுத்தச் சொன்னார். இடது கண்ணுக்கு நாள் குறித்தார். அதற்கு முன்னால் ஒரே ஒரு செக்கப்.

ரயிலில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பெட்டியில் கூட்டமில்லை. "பாடமாக்கிச் சொல்றீங்கள்" என்றேன்.

ஷா ஆலம் ஸ்டேஷன் வந்து போனது. பிறகுதான் அவர் வெளியே பார்த்தபடியே பேசினார். "முதல் தடவை நான் நினைச்சுச் செய்யேல்லை. இடது கண்ணால வாசிச்சது மனசில நிண்டிட்டுது. வலது கண்ணைத் திறந்தா எல்லாம் வெள்ளைப் புகை. என்ன சொல்றது எண்டு தெரியாமல் இருக்கேக்குள்ள வாயில தானா வந்திட்டுது. அந்தப் பிள்ளை 'வெரி குட், அங்கிள்' எண்டிட்டாள்."

"அதுக்காக?"

"வெரி குட் எண்டு சொன்ன பிறகு என்னெண்டு திருப்பிக் குடுக்கிறது?"

எனக்கு அவரை அடிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. "இடது கண்ணையும் இப்பிடிக் கெடுத்துப்போட்டு என்ன செய்யப் போறீங்கள்? பிறகு ரெண்டும் புகைதானே?"

"அது நல்லா வரும். அது வந்தா இது ஈடுகட்டும். கார்த்திகேசு மாதிரி ஆக்களுக்கு முன்னால நான் பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிக்கேலாது."

"நான் டாக்டரிட்டச் சொல்லப் போறன்."

அவர் திரும்பினார். கோபமே இல்லாத குரலில் சொன்னார். "சொன்னா நான் அங்க இனிப் போகமாட்டன். வேற இடத்தில செய்விப்பன். அங்கயும் ஒரு சார்ட்தானே வச்சிருப்பினம்."

சொன்னால் செய்கிற ஆள். அடுத்த கிளினிக்கில் எனக்கு முன்னாலேயே போய் அங்குள்ள சார்ட்டையும் பாடமாக்கிவிடுவார். டாக்டரிடம் போன் போட்டுச் சொன்னாலும் இவர் நாற்காலியில் உட்கார்ந்து கணீரென்று ஒப்பித்துக் காட்டுவார். பெண்டாட்டிக்குப் பயம் என்று சொல்லிச் சிரிப்பார். அட்டையில் மார்க் இருக்கிறது. என்னிடம் என்ன இருக்கிறது, சொதிக்கறை பட்ட மேசை விரிப்பு.

அந்த மாதம் முழுக்க எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. ரம்பூத்தான் பழம் உரித்துக் கொடுத்தால் கை நீட்டுவார், என் கைக்கு இரண்டு விரற்கடை தள்ளி. அதைப் பார்க்கும்போதெல்லாம், இன்னும் இத்தனை நாளில் இதுகூட இருக்காது என்று நினைப்பேன். முப்பது வருஷம் வினாத்தாளைக் காவல் காத்த மனுஷன் தன் கண்ணுக்கே வெளியான தாளில் பரீட்சை எழுதுகிறாரே என்று ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது வாய்விட்டுத் திட்டினேன். திட்டி முடித்ததும் கையில் தட்டோடு அப்படியே நின்றேன். வெளியான தாள். அதற்கு என்ன செய்ய வேண்டுமென்று இந்த மனுஷனே எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பூட்டி வைத்த ரிசர்வ் பேப்பர் கிளினிக் அறையிலேயே தொங்குவதையும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

செக்கப் அன்று அவர் கழிவறைக்குப் போன நேரம் பார்த்துச் சந்திரகலாவைப் பிடித்தேன். "தங்கச்சி, இண்டைக்கு அங்கிளுக்கு அந்த ஈ சார்ட்டைப் போடுங்கோ."

"ஐயோ ஆன்டி, அது எழுத்துத் தெரியாதவங்களுக்கு. அங்கிள் கோவிச்சுக்குவாரு லா."

"கோவிக்கட்டும். உங்கட மற்றச் சார்ட் அவருக்கு முழுக்கப் பாடம்."

அவள் என்னைப் பார்த்தாள். முகம் மாறிப் போயிற்று. நேரே டாக்டர் அறைக்குள் போனாள். திரும்பி வந்தபோது டாக்டர் தியோவும் கூட வந்தார். அவர்தான் தன் கையாலேயே அட்டையை மாட்டினார்.

என் கணவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். இடது கண்ணை மூடினார்கள். அட்டை மாறியிருப்பது அவருக்குத் தெரியவில்லை. "எச், வீ" என்று தொடங்கிவிட்டார்.

"மிஸ்டர் சிவகுருநாதன், இன்னிக்கு வேற சார்ட்" என்று டாக்டர் இங்கிலீஷில் நிறுத்தினார். "ஈ எழுத்து. கால் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கை காட்டுங்க."

"அது படிக்காதவைக்கு வைக்கிறது" என்றார் இவரும் இங்கிலீஷில், மெதுவாக.

"இன்னிக்கு மட்டும்."

அவர் தலையைத் திருப்பி வாசல் பக்கம் பார்த்தார். என் முகம் அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரியும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

கையைத் தூக்கினார். மேலே இருந்த பெரிய ஈ, வலப்பக்கம். சரியாகக் காட்டினார். அடுத்த வரிக்கு டாக்டர் குச்சியை வைத்தார். கை மேலே போயிற்று, பிறகு கீழே வந்தது, பிறகு நடுவில் நின்றது. குருட்டாம்போக்கில் ஏதாவது ஒரு பக்கம் காட்டியிருக்கலாம். நாலில் ஒன்று சரியாக வரும். அந்தக் கணக்கு அவருக்குத் தெரியாததா? ஆனால் அவர் காட்டவில்லை. கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"தெரியேல்லை" என்றார். சீன டாக்டரிடம் தமிழில் சொன்னார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதே இல்லை. அவரைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லார் முன்னாலும் அவருடைய உடுப்பை உரித்துவிட்ட மாதிரி வெட்கமாக இருந்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

டாக்டர் எல்லாவற்றையும் மறுபடி பார்த்தார். வலது கண்ணின் மங்கல் தழும்பாக இறுகத் தொடங்கிவிட்டது. மூன்றாம் மாதத்திலேயே தெரிந்திருந்தால் மருந்தைக் கூட்டி இதைவிட நன்றாகக் கொண்டு வந்திருக்கலாம். இப்போதும் மருந்து போடலாம், கொஞ்சம் தெளியும், முழுக்கத் தெளியாது. இந்தக் கண்ணில் குறைந்த பார்வைதான் இனி. இடது கண்ணைத் தொடக் கூடாது, இங்கேயும் வேண்டாம், வேறு எங்கேயும் வேண்டாம் என்று அவர் அட்டையிலேயே எழுதினார். "நான்தான் சார்ட்டை மாத்தியிருக்கணும். கண்ணுல பார்த்ததை நம்பாம நீங்க சொன்னதை நம்பிட்டேன்" என்று அவராகவே சொன்னார். அந்த டாக்டர்ப் பிள்ளையின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் டிராயரைத் திறந்து, தடித்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். இடது பக்கம் அதே புளியங்கொட்டைக் கண். என்னோடு பேச்சில்லை. ஒரு வாரம் இப்படியே போனது. சாப்பிட வாங்கோ என்றால் வருவார், சாப்பிடுவார், எழுந்து போவார். குளியலறையிலும் சத்தமில்லை.

நான் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போனபோது ஒரு பாத்திரக் கடையில் கருநீலத் தட்டு இரண்டு வாங்கி வந்தேன். அன்றைக்கு இடியப்பம் அவித்து, நீலத் தட்டில் வைத்தேன். வெள்ளை வெளேரென்று எடுத்துக் காட்டியது. அவர் தட்டைப் பார்த்தார். விரலால் விளிம்பைத் தடவினார். கிண்ணத்தை எடுத்து அவரே சொதி ஊற்றினார். எல்லாம் தட்டுக்குள்ளேயே விழுந்தது.

இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு, "அண்டைக்கு அந்த நர்ஸிட்ட என்ன சொன்னனீர்?" என்று கேட்டார்.

"தாள் வெளியாகிட்டுது எண்டு சொன்னன்."

அவர் கை நின்றுவிட்டது. நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றேன். என்ன வந்தாலும் வரட்டும் என்று இருந்தது.

"ரிசர்வ் பேப்பர் கைவசம் வச்சிருந்தவையள்" என்றார்.

"ஓம்."

"நல்ல பேப்பர். பாடமாக்கேலாது."

கொஞ்ச நேரம் சாப்பிட்டார். பிறகு, "கார்த்திகேசுவுக்குச் சொல்லிட்டீரோ?" என்றார்.

"இல்லை. நான் ஆரிட்டயும் சொல்லேல்லை."

"சொல்லும். அத்தான் ஃபெயில் எண்டு சொல்லும்." தட்டை என் பக்கம் நீட்டினார், இன்னும் இரண்டு இடியப்பம் வேண்டுமென்று. "ஃபெயில் ஆனபடியாத்தான் ஒரு கண் மிஞ்சினது எண்டும் சேர்த்துச் சொல்லும், பூசணி."